மாணவர் செய்மதி கேட்கவில்லையா: அறிகுறி பார்த்துப் பிழை பிடிக்கும் வழி

ராவணா-1 பலருக்கும் நினைவிருக்கும். பத்துச் சென்ரிமீற்றர் பக்கமுள்ள ஒரு சின்னப் பெட்டி. யப்பானின் கியூஷு தொழில்நுட்ப நிறுவனத்தில் நேபாள, யப்பானிய மாணவர்களோடு சேர்ந்து நம் நாட்டு இளைஞர்கள் செய்தது. 2019 ஜூன் 17ஆம் திகதி சர்வதேச விண்வெளி நிலையத்திலிருந்து வெளியே விடப்பட்டது. 2021இல் வளிமண்டலத்தில் எரிந்து முடிந்தது. அதைப்போன்ற மாணவர் செய்மதிகள் இப்போதும் மட்டக்களப்புக்கு மேலால் நாள் முழுக்கப் போகின்றன. பலவும் அமெச்சூர் வானொலிக்கென ஒதுக்கிய 145, 435 முதல் 438 மெகாஹேர்ட்ஸ் பகுதிகளில்தான் கதைக்கின்றன. கேட்கப் பெரிய செலவில்லை. கேட்காவிட்டால் ஏன் என்று கண்டுபிடிப்பதுதான் வேலை.

உங்களிடம் யூஎஸ்பியில் செருகும் சின்ன வானொலி ரிசீவரான ஆர்டிஎல் டொங்கிளும் ஒரு லப்டொப்பும் இருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறேன். கூடவே பிவிசி குழாயில் இரும்பு அளவு டேப்பை வெட்டிப் பொருத்திய யாகியோ, இரண்டு அலுமினியக் கம்பியில் செய்த வி-டைபோலோ அன்டெனாவாக இருக்கும். இந்தச் சாமான்களோடு வரும் சிக்கல்களில் பெரும்பாலானவை அன்டெனாவுக்கும் லப்டொப்புக்கும் இடையில் உள்ளவை. செய்மதியைச் சந்தேகிப்பது கடைசி வேலை.

முதலில் பார்க்க வேண்டியது: கோடு வளைகிறதா?

தாழ்ந்த பாதையில் உள்ள செய்மதி செக்கனுக்கு ஏழரைக் கிலோமீற்றர் அளவில் ஓடுகிறது. நம்மை நோக்கி வரும்போது மீடிறன் கூடித் தெரியும், தாண்டிப் போகும்போது குறைந்து தெரியும். 437 மெகாஹேர்ட்ஸில் இந்த டொப்ளர் நகர்வு கூடியபட்சம் பத்துக் கிலோஹேர்ட்ஸ் அங்கால, பத்து இங்கால. 145இல் அதில் மூன்றிலொரு பங்கு. அதனால் எந்த மீடிறனில் சிக்னல் இருக்கிறது என்பதை நேரத்தோடு ஓடவிட்டுக் காட்டும் வோட்டர்ஃபோல் திரையில் செய்மதியின் தடம் வளைந்துதான் விழும். தொடக்கத்தில் மெதுவாக நகரும், உச்சத்துக்கு வரும்போது சடாரென்று சரியும், பிறகு மறுபடி மெதுவாகும். ஆடாமல் அசையாமல் நேராக நிற்கும் கோடு தரையிலிருந்து வருவது. அநேகமாக உங்கள் வீட்டுக்குள்ளிருந்தே.

ஒரு எச்சரிக்கை. ஜிபிரெடிக்ட் போன்ற மென்பொருள் டொப்ளரைத் திருத்தி டொங்கிளின் மீடிறனை மாற்றிக்கொண்டிருந்தால் கதை தலைகீழ். அப்போது செய்மதி நேராக நிற்கும், வீட்டு இரைச்சல் வளையும். பிழை தேடும்போது அந்தத் திருத்தத்தை நிறுத்திவிடுங்கள். கீழே சொல்வதெல்லாம் திருத்தம் இல்லாத திரைக்கு.

திரையில் அசைவே இல்லை

தட்டையான கோடு, அல்லது கருவியைக் காணவில்லை என்ற செய்தி. விண்டோஸ் என்றால் சாடிக் மென்பொருளைக் கொண்டு ட்ரைவரை மாற்றியிருக்க வேண்டும். யூஎஸ்பி துளையை மாற்றினால் சில வேளை மறுபடியும் செய்ய வேண்டிவரும். லினக்ஸில் டொங்கிளை டிவி கருவி என்று நினைத்து அதற்குரிய ட்ரைவர் பிடித்து வைத்திருக்கும். அதைத் தடைப்பட்டியலில் போட்டுவிட்டு மறுபடி செருகுங்கள்.

கருவி தெரிகிறது, ஆனால் இரைச்சல் மட்டம் அடியோடு கிடக்கிறதா? கெய்னை, அதாவது பெருக்கும் அளவைப் பாருங்கள். புதிதாக நிறுவிய மென்பொருளில் அது பூச்சியத்தில் இருக்கும். 30 டெசிபெல் அளவுக்கு ஏற்றினால் இரைச்சல் எழும்ப வேண்டும்.

இரைச்சல் எழும்புகிறது, ஆனால் அன்டெனாவைக் கழற்றினாலும் பூட்டினாலும் ஒரே மாதிரித்தான் என்றால் கனெக்டரைக் கழற்றிக் கண்ணருகே கொண்டுபோய்ப் பாருங்கள். எஸ்எம்ஏ என்று விற்பதில் இரண்டு சாதி உண்டு. வைஃபை ரவுட்டருக்குச் செய்த தலைகீழ்ச் சாதியில் மரை அப்படியே பொருந்தும், இறுகவும் செய்யும், ஆனால் நடுவில் ஊசிக்குப் பதிலாகத் துளை இருக்கும். டொங்கிளின் பக்கமும் துளை. இரண்டு துளை முகம் பார்த்தால் மின்தொடுப்பு ஏது? வெளியே எதுவும் பிழையாகத் தெரியாது. ஊசியைக் கண்ணால் கண்டால்தான் நம்ப வேண்டும்.

சோதனைக்கு 88 முதல் 108 வரையுள்ள எஃப்எம் வானொலியைப் பிடியுங்கள். அது தெளிவாக வந்தால் கருவி உயிரோடு இருக்கிறது. அடுத்த படியாகப் பழைய வழிகாட்டிகள் எல்லாம் 137 மெகாஹேர்ட்ஸில் நோவா வானிலைச் செய்மதிகளைக் கேட்கச் சொல்லும். அவற்றைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். நோவா-15, 18, 19 மூன்றையும் 2025இல் நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பதில் ரஷ்யாவின் மெற்றியோர்-எம் செய்மதிகளை 137.1 அல்லது 137.9இல் பாருங்கள். பலமான சிக்னல், அகலமான பட்டை, திரையில் தவறவே விட முடியாது. மெற்றியோர் தெரிந்து மாணவர் செய்மதி தெரியவில்லை என்றால் தேட வேண்டிய இடம் பாதியாகக் குறைந்துவிட்டது.

இரைச்சல் உண்டு, ஆனால் சொன்ன நேரத்துக்கு ஒன்றும் வரவில்லை

நேரத்திலிருந்து தொடங்குங்கள். செய்மதி அட்டவணைகள் பெரும்பாலும் உலக நேரத்தில் இருக்கும், நாம் அதற்கு ஐந்தரை மணி நேரம் முன்னால். தொலைபேசிச் செயலி இலங்கை நேரத்தில் காட்டும், லப்டொப் உலக நேரத்தில் காட்டும், இரண்டையும் கலந்துவிட்டால் வெறும் வானத்துக்கு அன்டெனா பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். லப்டொப்பின் கடிகாரமும் சரியாக இருக்க வேண்டும். வெளியே கொண்டுபோகும் முன் ஒரு தடவை இணையத்தோடு சேர்த்து நேரத்தைச் சரிசெய்துவிடுங்கள்.

இடம்: மட்டக்களப்பு நகருக்கு வடக்கு 7.71, கிழக்கு 81.70 பாகை. அம்பாறைக்கு 7.30, 81.67. அமெச்சூர்காரர் கேட்கும், இடத்தைச் சொல்லும் கட்டக் குறி இரண்டுக்கும் என்ஜே07தான். தவறுதலாகக் கொழும்பை விட்டுவைத்தாலும் பெரிய பிசகு வராது. கிழக்கைக் கழித்தல் குறியோடு போட்டால்தான் நீங்கள் அமெரிக்கப் பக்கம் போய்விடுவீர்கள்.

அடுத்தது சுற்றுப்பாதைத் தரவு. செலஸ்ட்ராக் இணையத்தளத்திலிருந்து செயலி தானாக எடுத்துக்கொள்ளும், ஆனால் இணையம் இல்லாத இடத்தில் பழையதையே வைத்துக் கணக்குப் போடும். நானூறு கிலோமீற்றர் உயரத்தில் காற்றின் இழுவை கணிசமாக இருப்பதால் அங்குள்ளவற்றுக்கு ஒரு வாரப் பழைய தரவே சந்தேகத்துக்குரியது. 600, 700 கிலோமீற்றரில் உள்ளவை இவ்வளவு அவசரப்படுத்தாது. புதிதாக ஏவியவற்றில் இன்னொரு சிக்கல்: ஒரே ராக்கெட்டில் பத்துப் பதினைந்து பெட்டிகள் போகும், எது எதுவென்று பட்டியலில் பெயர் இடவே வாரக்கணக்கில் ஆகலாம். அதுவரை பக்கத்துப் பொருள்களின் தரவையும் போட்டுப் பார்க்க வேண்டும்.

இதெல்லாம் சரி என்றால், அந்தச் செய்மதி உண்மையில் அனுப்புகிறதா? சட்நொக்ஸ் வலையமைப்பில் உலகெங்கும் உள்ள நிலையங்கள் பிடித்த வோட்டர்ஃபோல் படங்கள் கிடக்கின்றன. நேற்று முன்தினம் வேறு யாராவது பிடித்திருந்தால் பிழை உங்கள் பக்கம். பலநாள் எல்லா நிலையங்களிலும் வெறுமை என்றால் நிம்மதியாக வேறொன்றுக்குப் போங்கள். செய்மதி தன்னை அறிவிக்கும் பீக்கன் சிக்னலை ஓயாமல் அனுப்புவதில்லை என்பதையும் மறக்க வேண்டாம். சில செய்மதிகள் நிமிடத்துக்கு ஒரு தடவை ஒரு செக்கன் மட்டும் குரல் கொடுக்கும். வோட்டர்ஃபோல் வேகமாக ஓடினால் அந்தப் புள்ளி கண்ணில் படாமல் போய்விடும், அதை மெதுவாக்குங்கள்.

எந்நேரம் உட்கார்ந்தாலும் ஏதாவது ஒன்று வேண்டும் என்பவர்களுக்கு நமக்கென்றே அமைந்தது போல ஒன்று உண்டு: இந்தோனேசியாவின் ஐஓ-86. 2015 செப்டெம்பரில் இந்தியா ஏவியது. மாணவர் செய்மதி அல்ல, ஆனால் பயிற்சிக்கு நல்லது. அதன் பாதை பூமத்தியரேகைக்கு ஆறு பாகைதான் சாய்ந்திருக்கிறது. ஏறத்தாழ ஒன்றேமுக்கால் மணி நேரத்துக்கு ஒரு தடவை மேற்கிலிருந்து கிழக்காக, எப்போதும் நமக்குத் தெற்குப் பக்கமாகவே போகும். ஐரோப்பாவில் உள்ளவர்களுக்கு இது கிடைக்கவே கிடைக்காது. 435.880 மெகாஹேர்ட்ஸில் உள்ள, தரையிலிருந்து வரும் குரலைத் திருப்பி அனுப்பும் ரிப்பீற்றரை அட்டவணைப்படிதான் திறப்பார்கள், அதனால் அமைதியாக இருந்தால் உடனே பிழை என்று எண்ண வேண்டாம்.

திரை முழுக்க நேர்க் கோடுகள்

வீட்டு இரைச்சல். லப்டொப்பை அதன் பற்றரியில் ஓடவிட்டு மெயின் சுவிச்சை நிறுத்துங்கள். கோடுகள் மறைந்தால் எதிரி வீட்டுக்குள். மறுகா ஒவ்வொரு சுற்றாகப் போட்டுப் பார்த்தால் ஆள் அகப்பட்டுவிடும். மலிவான எல்இடி பல்ப், தொலைபேசி சார்ஜர், ரவுட்டரின் மின்வழங்கி, கூரை சோலரின் இன்வேட்டர் ஆகியவைதான் வழக்கமான குற்றவாளிகள். சோலர் இரைச்சலை அடையாளம் காண்பது லேசு: பகலில் இருக்கும், பொழுது பட்டால் போய்விடும்.

2022 மார்ச் கடைசியில் நாளுக்குப் பதின்மூன்று மணி நேரம் மின்வெட்டு வந்த காலம் நினைவிருக்கும். ஊர் எல்லாம் அவதிப்பட்ட அந்த இருட்டில் இந்தப் பட்டிகள் மட்டும் அத்தனை சுத்தமாக இருந்தன. யாரும் மறுபடி விரும்பாத நாட்கள்தான், ஆனால் இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்பதற்கு அதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை.

மெயினை நிறுத்தியும் கோடுகள் இருந்தால் லப்டொப்பே காரணமாக இருக்கலாம். டொங்கிளை நேராகச் செருகாமல் ஒரு மீற்றர் யூஎஸ்பி நீட்டுக் கேபிளில் தள்ளி வையுங்கள், கேபிளில் ஃபெரைட் வளையம் ஒன்று மாட்டுங்கள். பக்கத்து வீட்டு இரைச்சல் என்றால் சண்டைக்குப் போகாமல் இடத்தை மாற்றுவது நல்லது. படுவான்கரை வயல்வெளிக்குப் போனால் இரைச்சல் மட்டம் கண்ணெதிரே இறங்கும், நாலாபக்கமும் வானமும் திறந்திருக்கும். அம்பாறைப் பக்கத்தில் குளக்கட்டுகள் அப்படிப்பட்ட இடங்கள். பொழுதுபட்ட பின் வரும் கடப்புக்கு (செய்மதி நம் வானத்தைக் கடந்துபோகும் ஒரு தடவைக்கு) அங்கே போகிறவர்கள் யானையின் நடமாட்டத்தை ஊராரிடம் கேட்டுவிட்டுப் போங்கள். தலையை அண்ணாந்து அன்டெனா பிடித்து நிற்பவருக்குப் பின்னால் என்ன வருகிறது என்று தெரியாது.

கோடுகள் எஃப்எம் பாட்டாகவே கேட்டால் அது வேறு நோய். பக்கத்துக் கோபுரத்தின் பலமான சிக்னல் டொங்கிளை நிரப்பிவிடுகிறது. கெய்னைக் குறையுங்கள். குறைக்கும்போது இரைச்சலைவிடக் கோடு வேகமாக மறைந்தால் நோய் அதுதான் என்று உறுதி. எஃப்எம் தடுப்பு ஃபில்டர் ஒன்று போட்டால் தீரும்.

கோடு வளைகிறது, ஆனால் சொன்ன இடத்தில் இல்லை

வளைவு அழகாக வருகிறது, ஆனால் முழுவதும் இருபது கிலோஹேர்ட்ஸ் தள்ளி. இது டொங்கிளின் படிகம். மலிவான டொங்கிள்களில் பத்து இலட்சத்துக்கு ஐம்பது என்ற அளவுக்குப் பிசகு இருக்கலாம். 437 மெகாஹேர்ட்ஸில் அது 22 கிலோஹேர்ட்ஸ். செய்மதி உச்சத்தில் இருக்கும் கணத்தில் டொப்ளர் பூச்சியம். அந்தக் கணத்தில் கோடு எங்கே நிற்கிறது என்று பார்த்து, அந்த வித்தியாசத்தைப் பத்து இலட்சத்துக்கு எவ்வளவு என்று கணக்கிட்டு மென்பொருளின் பிபிஎம் திருத்தத்தில் போடுங்கள். டொங்கிள் சூடாகும்போது இந்தப் பிசகும் நகரும். கடப்புக்குப் பத்து நிமிடம் முன்னதாகவே ஓடவிட்டு வையுங்கள், வெயிலில் வைக்காதீர்கள். படிகம் நல்லதாக உள்ள டொங்கிள் கொஞ்சம் விலை கூட என்றாலும் இந்தத் தலையிடி அதில் இல்லை.

வளைவு தெரிகிறது, தரவு வரவில்லை

இங்கேதான் கனபேர் கைவிடுகிறார்கள். உண்மையில் கடினமான பகுதி முடிந்துவிட்டது, சிக்னல் வந்துவிட்டது. மிச்சம் மென்பொருள் அமைப்புகள்தான்.

எந்தக் குறிமுறை என்று முதலில் பாருங்கள். 2013 நவம்பர் 21இல் ஏவிய ஃபன்கியூப்-1, 2018 டிசம்பரில் போன ஜோர்தானின் ஜேஓ-97 போன்றவை பள்ளிக்கூடங்களுக்கென்று செய்தவை. முன்னது 145.935இலும் பின்னது 145.840இலும் செக்கனுக்கு 1200 பிட் பிபிஎஸ்கே அனுப்பும்படி அமைந்தவை. இதை எஃப்எம்மில் வைத்துக் கேட்டால் ஒன்றும் தேறாது, மேல்பக்கப் பட்டியில், அதாவது மென்பொருளில் USB என்று காட்டும் முறையில் வைக்க வேண்டும். 9600 பிட் ஜிஎம்எஸ்கே அனுப்பும் செய்மதி என்றால் எஃப்எம்தான், ஆனால் பட்டை அகலம் 15 முதல் 20 கிலோஹேர்ட்ஸ் வேண்டும். குரலுக்கு வைக்கும் ஒடுங்கிய அகலத்தில் ஓரங்கள் வெட்டுப்படும்.

பிறகு ஒலிப் பாதை. இரைச்சல் அடக்கியை முழுதாகத் திறந்துவிடுங்கள். குரலுக்காக வைத்திருக்கும் ஒலித் திருத்தங்கள் எல்லாவற்றையும் நிறுத்துங்கள், விண்டோஸ் தன்பாட்டில் செய்யும் ஒலி மெருகூட்டலையும் சேர்த்துத்தான். இரண்டு மென்பொருளுக்கும் மாதிரி வீதம் ஒன்றாக, 48,000ஆக இருக்கட்டும். ஒலி அளவு உச்சிக்குப் போய்த் தட்டக் கூடாது. இந்தத் தொல்லையே வேண்டாம் என்றால் ஜிஆர்-சற்றலைட்ஸ் போன்ற கருவியிடம் மூலப் பதிவையே கொடுத்துவிடலாம். நூற்றுக்கணக்கான செய்மதிகளின் குறிமுறைகள் அதற்குத் தெரியும். லினக்ஸ் பழக்கம் வேண்டும், அவ்வளவுதான்.

டொப்ளர் திருத்தத்தை இப்போது போடலாம். எஃப்எம்மில் கொஞ்சம் தள்ளியிருந்தாலும் சமாளிக்கும், மேல்பக்கப் பட்டியில் சமாளிக்காது. உச்சத்தைக் கடக்கும் அந்த ஓரிரு நிமிடத்தில் மீடிறன் வேகமாக ஓடுவதால் கையால் துரத்துவது கஷ்டம், மென்பொருளிடம் விடுங்கள்.

வந்து வந்து மறைகிறது

சில செக்கன் பலமாக, சில செக்கன் ஒன்றுமில்லாமல். பழுது அல்ல. சிறு செய்மதிகள் மேலே உருண்டு புரண்டுதான் போகின்றன, அவற்றின் அன்டெனா ஒரு முறை நம்மைப் பார்க்கும், மறுமுறை முதுகைக் காட்டும். முனைவாக்கமும், அதாவது அலை ஆடும் திசையும், சேர்ந்து மாறும். செய்மதியின் அலை படுக்கையாக வரும்போது உங்கள் யாகி நின்ற வாக்கில் இருந்தால் இருபது டெசிபெல்கூட இழக்க நேரிடும்.

கையில் பிடித்த யாகிக்கு மருந்து மணிக்கட்டில் இருக்கிறது. குறி செய்மதியிலேயே இருக்கட்டும், குழாயை மட்டும் அச்சில் தொண்ணூறு பாகை கிறுக்குங்கள். சிக்னல் தலைதூக்கினால் அங்கேயே நிறுத்தி, மறையத் தொடங்கும்போது மறுபடி கிறுக்குங்கள். பழகினால் கை தானாகவே காதைக் கேட்டுத் திரும்பும். திரையைப் பார்க்க இன்னொருவர் இருப்பது நல்லது. அன்டெனாவோடு நிற்பவர் லப்டொப்பையும் பார்க்கப் போனால் இரண்டும் கெடும். கூரையில் நிலையாக வைப்பவர்கள் குறுக்கு யாகி அல்லது வட்ட முனைவாக்கம் தரும் ஒன்றைப் போட வேண்டும். அதில் எப்போதும் மூன்று டெசிபெல் போகும், ஆனால் முழுதாக மறைவது குறையும்.

மறைவு இப்படி ஒழுங்கான இடைவெளியில் இல்லாமல் சிக்னல் நடுங்கிக்கொண்டே இருந்தால், நேரத்தைக் கவனியுங்கள். பொழுதுபட்டு ஒரு மணி நேரத்திலிருந்து நடுச்சாமம் வரை, அதுவும் மார்ச், செப்டெம்பர் ஒட்டிய மாதங்களில் என்றால் அது மேலேயுள்ள அயனமண்டலத்தின் வேலை. நாம் காந்த மத்தியரேகைக்குக் கிட்ட இருக்கிறோம். 1963இல் இந்தியா கேரளத்துத் தும்பாவை ராக்கெட் தளத்துக்குத் தேர்ந்ததற்கும் காரணம் அதே ரேகைதான். சூரியன் மறைந்த பின் இந்த ரேகையை ஒட்டி அயனமண்டலத்தில் அடர்த்தி குறைந்த குமிழிகள் மேலெழும்பும், அவற்றினூடாக வரும் அலை துடிக்கும். 145இல் மோசம், 437இல் குறைவு. ஐரோப்பிய, அமெரிக்க வழிகாட்டிகள் இதைச் சொல்வதில்லை, அவர்களுக்கு இந்தத் தொல்லை அரிது. செய்யக் கூடியது ஒன்றுதான்: அதே செய்மதியின் காலைக் கடப்பைப் பாருங்கள். காலையில் சுத்தமாக வந்தால் உங்கள் கருவியில் கை வைக்க வேண்டாம்.

உச்சியில் மட்டும் கேட்கிறது, ஓரங்களில் இல்லை

நானூறு கிலோமீற்றர் உயரத்தில் போகும் ஒன்று தலைக்கு மேல் வரும்போது அந்த நானூறுதான் தூரம். அடிவானத்தில் இருக்கும்போது ஏறத்தாழ 2300. வித்தியாசம் பதினைந்து டெசிபெல், அதாவது முப்பது மடங்கு. ஆகவே ஓரத்தில் பலவீனம் இயல்பு. ஏற்றக்கோணம் பத்துப் பாகைக்கு மேல் ஏறியும் கேட்காவிட்டால்தான் தேட வேண்டும்.

தென்னையும் சவுக்கும் முதல் சந்தேகம். நனைந்த இலை 437 மெகாஹேர்ட்ஸை நன்றாகவே விழுங்கும். கல்லடிக் கடற்கரையில் கிழக்கே அடிவானம் வரை கடல், ஒரு தடையும் இல்லை. அங்கே நின்று கிழக்குக் கடப்பு ஒன்றைக் கேட்டு, வீட்டு வளவில் கிடைப்பதோடு ஒப்பிட்டால் மரங்களின் பங்கு தெரிந்துவிடும்.

இரண்டாவது சந்தேகம் கேபிள். கடையில் கொடுக்கும் மெல்லிய கறுப்பு ஆர்ஜி-58 இந்த மீடிறனில் மீற்றருக்கு 0.35 டெசிபெல் அளவில் தின்னும். மாடியிலிருந்து அறைக்கு இருபது மீற்றர் இழுத்தால் ஏழு டெசிபெல் போய்விடும், வந்த சிக்னலில் ஐந்திலொரு பங்குதான் டொங்கிளுக்கு மிஞ்சும். டிஷ் டிவிக்குப் போடும் ஆர்ஜி-6 கேபிளோ அதே தூரத்தில் மூன்று டெசிபெல்தான் எடுக்கும். அது 75 ஓம், டொங்கிள் 50 ஓம், பொருந்தாதே என்பார்கள். பொருந்தாமையால் வரும் நட்டம் 0.2 டெசிபெல்லைத் தாண்டாது. கேட்பதற்கு மட்டும் என்றால் கண்ணை மூடிக்கொண்டு டிஷ் கேபிளைப் போடுங்கள். எந்த ஊரிலும் கிடைக்கும், விலையும் குறைவு. அதன் அலுமினிய வலையில் சோல்டர் ஒட்டாது, டிஷ் போடும் ஆளிடம் எஃப் கனெக்டரை அழுத்திப் போடச் சொல்லி, எஃப்பிலிருந்து எஸ்எம்ஏக்கு மாற்றும் துண்டு ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள்.

இதைவிட நல்லது டொங்கிளையே அன்டெனாவுக்குக் கீழே கொண்டுபோவது. அல்லது சிக்னலைப் பெருக்கிக் கொடுக்கும் முன்பெருக்கி ஒன்றை அன்டெனாவின் அடியில் வைப்பது. லப்டொப்புக்குப் பக்கத்தில் வைத்த முன்பெருக்கி, கேபிள் ஏற்கெனவே தின்றதை மீட்டுத் தராது. முன்பெருக்கிக்குக் கேபிள் வழியே மின் அனுப்பும் வசதி டொங்கிளில் இருந்தால் ஒரு கவனம்: மடித்த டைபோல் போல நடுக் கம்பியும் வெளி வலையும் ஒன்றாகத் தொடுத்திருக்கும் அன்டெனாவை நேரடியாகப் பூட்டி அந்த மின்னைத் திறந்தால் அது குறுஞ்சுற்று.

அன்டெனா அளவையும் ஒரு தடவை டேப் போட்டுப் பாருங்கள். 145க்கு வி-டைபோலின் ஒரு கை 49 சென்ரிமீற்றர். 437க்குப் பதினாறரை. 49 சென்ரிமீற்றர்க் கை 437இலும் ஓரளவு வேலை செய்யும், முக்கால் அலைநீளமாக அமைவதால்.

போன மாதம் நன்றாக வந்தது, இப்போது படிப்படியாகக் குறைகிறது

கடலோரத்தில் இதற்கு ஒரே பெயர்: கறள். உப்புக் காற்று ஒரு பக்கம், மாரி மழை மறுபக்கம். அன்டெனாவின் முடிச்சில் டேப் சுற்றிவிட்டால் போதும் என்று நினைப்போம். சாதாரண மின் டேப் எங்கள் வெயிலில் ஒரு வருடத்தில் பசை உருகிக் கழன்றுவிடும், அதற்குள் நின்ற தண்ணீர் கேபிளின் வலையைத் திரி போல் பிடித்து உள்ளே ஏறும்.

கனெக்டரை வெட்டிப் பத்துச் சென்ரிமீற்றர் உறையைச் சீவிப் பாருங்கள். செம்பு பளபளப்பாக இருந்தால் தண்ணீர் ஏறவில்லை. கறுத்திருந்தால் அல்லது பச்சைப் பொடி கையில் ஒட்டினால் இன்னும் அரை மீற்றர் வெட்டிப் பாருங்கள். அங்கேயும் கறுப்பென்றால் முழுக் கேபிளும் குப்பைக்குத்தான், காய வைத்துப் பயனில்லை.

வெட்டும் முன் மல்டிமீற்றர் சோதனை ஒன்று உண்டு. திறந்த டைபோல் என்றால் கேபிளின் டொங்கிள் முனையில் நடு ஊசிக்கும் வெளிக்கூட்டுக்கும் இடையில் தடை எல்லையற்றதாகக் காட்ட வேண்டும். சில ஆயிரம் ஓம் காட்டி, அதுவும் ஆடிக்கொண்டிருந்தால் உள்ளே ஈரம். மடித்த டைபோல் என்றால் இதற்கு நேர்மாறு, ஒரு ஓமுக்குள் இருக்க வேண்டும். கூடினால் எங்கோ முடிச்சு கறள் பிடித்திருக்கிறது.

திரும்பப் பூட்டும்போது தனக்குத்தானே ஒட்டும் ரப்பர் டேப்பைக் கீழிருந்து மேலாகச் சுற்றி, அதன்மேல் மின் டேப்பைச் சுற்றுங்கள். வீட்டுக்குள் நுழையுமிடத்தில் கேபிள் கீழே தொங்கி ஏறட்டும், தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். அலுமினியமும் செம்பும் நேராகத் தொடும் இடத்தில் துருப்பிடிக்காத ஆணியும் வாசரும் போடுங்கள். இடி முழங்கும் ஐப்பசி மாலைகளில் கேபிளைக் கழற்றி வீட்டுக்கு வெளியே போட்டுவிடுங்கள்.

வெயிலில் கேட்கிறது, நிழலில் கேட்பதில்லை

இதுதான் உண்மையில் செய்மதியின் நோய். செயலியில் செய்மதி சூரிய ஒளியில் இருக்கிறதா, பூமியின் நிழலில் இருக்கிறதா என்று காட்டும். நிழலில் நுழைந்ததும் சிக்னல் நின்று, வெளியே வந்ததும் பிறகு வந்தால் அதன் பற்றரி போய்விட்டது. இப்படியானதற்குப் பெரிய முன்னோடி ஏஓ-7 என்ற அமெச்சூர் செய்மதி. 1974 நவம்பரில் ஏவப்பட்டு, 1981இல் பற்றரி பழுதாகி மௌனமானது. பழுதான பற்றரி பிறகு தொடுப்பு அறுந்தது போலாகிவிட, சூரிய மின்கலங்களின் மின் நேரே கருவிக்குப் போக, 2002இல் மறுபடி பேசத் தொடங்கியது. அப்போதிருந்து வெயிலில் மட்டும் வேலை.

ஆகவே நிழலில் கேட்காத செய்மதியை விட்டுவிட வேண்டாம், பகல் கடப்பைப் பிடியுங்கள்.

கேட்கிறது, ஆனால் என் குரல் போகவில்லை

அனுப்ப உரிமம் வேண்டும். இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு தருவது, அழைப்புக் குறி 4எஸ் என்று தொடங்கும். அது இல்லாமல் ஒரு செக்கன்கூட அனுப்பக் கூடாது, அனுப்பும் கருவி வாங்கும் முன்பே அவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

உரிமம் உள்ளவர்களுக்குப் பெரும்பாலும் தொனிதான் சிக்கல், அதாவது ரிப்பீற்றரைத் திறக்கக் குரலோடு சேர்த்து அனுப்பும் தாழ்ந்த ஒலி. குரல் ரிப்பீற்றர் உள்ள எஸ்ஓ-50 செய்மதிக்கு 145.850இல் 67 ஹேர்ட்ஸ் தொனியோடு அனுப்பி 436.795இல் கேட்க வேண்டும். அது உறங்கிக்கொண்டிருந்தால் முதலில் 74.4 தொனியில் ஓரிரு செக்கன் கொடுத்துப் பத்து நிமிடக் கடிகாரத்தை எழுப்ப வேண்டும். விண்வெளி நிலையத்துக்கு 145.990, அதே 67, கேட்பது 437.800. ஐஓ-86க்குத் தொனி 88.5 ஹேர்ட்ஸ்.

அனுப்பும்போது மட்டும் உங்கள் ரிசீவர் செவிடாகிறதா? 145.9இன் மூன்றாம் மடங்கு 437.7. உங்கள் அலையே கேட்கும் பட்டியில் போய் விழுகிறது. இரண்டு அன்டெனாவையும் தள்ளி வையுங்கள், வலுவைக் குறையுங்கள், கேட்கும் பக்கம் ஃபில்டர் ஒன்று போடுங்கள்.

எல்லாம் பார்த்தும் பிடிபடவில்லை

அப்படியென்றால் அடுத்த கடப்பை மூலப் பதிவாக, ஐக்யூ என்ற வடிவில் எடுத்து வையுங்கள். 24 இலட்சம் மாதிரி வீதத்தில் 8 பிட்டில் பத்து நிமிடம் பதிந்தால் ஏறத்தாழ மூன்று ஜிகாபைட், யாருக்கும் அனுப்ப முடியாது. வீதத்தை இரண்டரை இலட்சத்துக்கு இறக்குங்கள், முன்னூறு மெகாபைட்டுக்குள் வந்துவிடும், டொப்ளரின் இருபது கிலோஹேர்ட்ஸும் தாராளமாக அடங்கும். கோப்பின் பெயரில் செய்மதி, மைய மீடிறன், மாதிரி வீதம், தொடங்கிய உலக நேரம் நான்கையும் எழுதுங்கள். நேரம் இல்லாத பதிவில் டொப்ளரைக் கழிக்க வழியில்லை, எவ்வளவு பெரிய நிபுணரிடம் கொடுத்தாலும் அவர் முதலில் கேட்பது அதைத்தான்.